மனச்சிதைவு நோய் மருந்துகளும் வாழ்க்கைத் தரமும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மனச்சிதைவு நோய்க்குரிய மருந்துகள் வழக்கிற்கு வந்து எழுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. அவை நோய்க்குறிகளைத் தணிக்கின்றனவா என்னும் வினாவிற்குத் தொடக்கத்திலேயே விடை கிடைத்தது. மருந்தை உண்பவர் எவ்வாறு வாழ்கிறார் என்னும் வினாவோ பிந்தியே எழுந்தது. அவ்வினா வளர்ந்த வரலாற்றை இக்கட்டுரையில் நாம் சுருக்கமாக ஆராய முற்படுகிறோம்.

அமைதியும் அதன் விலையும்

1950ஆம் ஆண்டு டிசம்பரில் பிரான்சு நாட்டு வேதியியலாளர் பால் சார்பாந்தியே குளோர்புரோமசினை உருவாக்கினார். அறுவை மருத்துவர் ஆன்றி லபோரி இதனைப் பயன்படுத்தியபோது, நோயாளிகள் விழிப்புடன் இருந்தும் சூழலின்பால் பற்றற்ற அமைதி எய்தக் கண்டார். 1952இல் பாரிசு நகரில் ழான் டிலே, பியர் டெனிக்கர் ஆகியோர் இம்மருந்தின் பயனை மனநோயாளிகளிடம் நிறுவினர். செவியில் ஒலித்த குரல்கள் தணிந்தன. பலர் வீடு திரும்ப வழி பிறந்தது.

ஆயினும், உடல் விறைப்பு, கைந்நடுக்கம், உணர்ச்சி மங்கல் முதலிய பக்கவிளைவுகள் உடன் வந்தன. மருந்தை மறுத்தவர் நோயின் தன்மையை உணராதவர் என்றே பெரிதும் கருதப்பட்டனர். 1974இல் அமெரிக்க மருத்துவர் தியோடர் வான் புட்டன் 85 நோயாளிகளை ஆராய்ந்து, மருந்து மறுப்பிற்கும் ஓரிடத்தில் அமைதியாக இருக்கவொட்டாத உள்தவிப்பிற்கும் உள்ள தொடர்பை எடுத்துக்காட்டினார். மறுப்பிற்குப் பின்னால் துன்பமும் இருக்கக்கூடும் என்பதை இதனால் அறிகிறோம்.

அளவுகோலும் ஆய்வுகளும்

1984இல் ஐன்ரிக்சும் அவர்தம் குழுவினரும் 21 கூறுகள் கொண்ட வாழ்க்கைத் தர அளவுகோலை வகுத்தனர். உறவு, தொழில், ஊக்கம், அன்றாட ஈடுபாடு ஆகியன அதில் இடம்பெற்றன. எனினும், நேர்காணலின்வழி மதிப்பெண் இட்டவர் மருத்துவத் துறையினரே, நோயாளி அல்லர். நோயாளி தாமே தம் நிலையை மதிப்பிடும் அளவுகோல்கள் பின்னரே பரவின.

புதிய தலைமுறை மருந்துகள் வாழ்க்கையை மேம்படுத்தும் என்னும் நம்பிக்கை 1990களில் வலுப்பெற்றது. 2005இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் 74 விழுக்காட்டினர் தமக்கு முதலில் அளிக்கப்பட்ட மருந்தைப் பதினெட்டு மாதங்களுக்குள் நிறுத்தியிருந்தனர். 2006இல் வெளிவந்த பிரித்தானிய ஆய்வு 227 பேரை ஓராண்டு தொடர்ந்தது. பழைய மருந்தினர் வாழ்க்கைத் தரத்தில் பின்தங்கவில்லை என்பதே அதன் முடிவு. விறைப்பு குறைந்த இடத்தில் உடல் எடையும் நீரிழிவு இடரும் கூடியதை இங்கு நாம் நினைவுகூர வேண்டும்.

அவ்வாறாயின் மருந்தைக் குறைப்பதே தீர்வாகுமா? 2023இல் வெளிவந்த இங்கிலாந்து ஆய்வு 253 பேரிடம் இதனைச் சோதித்தது. ஈராண்டின் முடிவில், படிப்படியாக மருந்தைக் குறைத்தோரின் சமூகச் செயற்பாடு மேம்படவில்லை. மருத்துவமனையில் சேர்க்கப்படுமளவு நோய் மீண்டவர்கள் அவர்களுள் 25 விழுக்காட்டினர். மருந்தைத் தொடர்ந்தோருள் 13 விழுக்காட்டினர்.

முடிவுரை

மருந்து வாழ்க்கைக்கு வாயிலைத் திறக்கிறது. ஆனால் அதுவே வாழ்க்கையாகிவிடாது என்பதே இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் தெளிவாகும். தாமாக மருந்தை நிறுத்துவது இடர் தரும். உண்பவரின் குறையைச் செவிமடுக்காமல் மருந்தைத் திணிப்பதும் தீங்கே. 'மாத்திரை வேண்டா' என்று ஒருவர் கூறுமிடத்து, அதனைப் பிடிவாதம் என ஒதுக்காது, 'உடலுக்கு என்ன செய்கிறது?' என்று வினவுதலே முதற்கடமை எனக் கருதுகிறோம். அவ்விடை மருத்துவரைச் சென்றடையின், மருந்தையும் அளவையும் ஏற்றவாறு மாற்ற வழி பிறக்கும்.