கப்பல் எண் இல்லாத குடும்பங்கள்

அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் 2011 முதல் ‘ரூட்ஸ்டெக்’ என்னும் பன்னாட்டுக் குடும்ப வரலாற்று மாநாடு நடந்து வருகிறது. அங்கே செல்லும் மொரீசியசுத் தமிழர், தம் பாட்டன் ஒப்பந்தக் கூலியாகக் கரையிறங்கிய நாளில் பெற்ற எண்ணோடு போகலாம். மோகாவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் பதிவேடுகளில் அந்த எண்ணைக் கொண்டே தகப்பன் பெயரையும் வந்த கப்பலையும் தேடலாம். 1860 முதல் 1911 வரை நேட்டால் சென்றவர்களுக்கும் கப்பல் பட்டியல்கள் உண்டு.

இலங்கையின் வலப்பனைப் பகுதியில், இராகலையிலோ ஹைபொரஸ்டிலோ பிறந்தவருக்கு அப்படி ஓர் எண் கிடையாது. கண்டிச் சீமைக்கு ஆள் சேர்த்தவர் கங்காணி. பெயர்கள் அவர் கணக்கிலும் தோட்டத்துச் செக்ரோலிலும் நின்றுவிட்டன. தோட்டம் மாறினால் கடன் தொகை எழுதிய துண்டுதான் கூடப் போனது. 1921இல் அதுவும் ஒழிந்தது. ஆனால் கங்காணி தன் ஊராரையும் உறவினரையுமே பெரும்பாலும் அழைத்து வந்ததால், ஒரு வீட்டின் பூர்வீக ஊர் தெரிந்தால் பக்கத்துக் காம்பிராக்களின் ஊருக்கும் தடம் கிடைக்கும். நம் தேடலுக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

நம்மைப் பற்றிய பெரிய ஆவணத் தொகுதி அவமானத்திலிருந்து பிறந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவர்களாக்கியது. மறு ஆண்டுச் சட்டமோ, திருமணமானவர் 7 ஆண்டும் ஆகாதவர் 10 ஆண்டும் 1946 ஜனவரி 1க்கு முன் இடைவிடாமல் இங்கே வாழ்ந்ததாக நிரூபிக்கக் கேட்டது. 2 லட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் போயின, பெரும்பாலானவை நிராகரிக்கப்பட்டன. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டன், வாழ்ந்த வாழ்க்கைக்குச் சாட்சி தேடி அலைந்தார். அந்தக் கோப்புகள், நிராகரிக்கப்பட்டவையும் சேர்த்து, வாரிசுகளின் பார்வைக்குத் திறக்கப்பட வேண்டும். இதை உரிமையாகவே கேட்கிறேன்.

இந்தியாவும் இலங்கையும் செய்த 1964 ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்கியது. அதனால் பல குடும்பங்களின் பாதி நினைவு இன்று கூடலூரிலும் கோத்தகிரியிலும் இருக்கிறது. அங்குள்ள அத்தை வீட்டுப் பெட்டியில் பழைய கடவுச்சீட்டு இருந்தால் நகல் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இங்கே லயத்து அப்பாயியிடம் எந்தத் தாலுகா, குலதெய்வம் எது, பெரிய கங்காணி யார், முதலில் எந்தத் தோட்டத்தில் பேர் பதிந்தார்கள் என்று கேட்டு, அவர் சொல்லும் உச்சரிப்பிலேயே இந்த ஆண்டே எழுதிக்கொள்ளுங்கள்.