நெஞ்சில் குத்திய பொருளைப் பிடுங்க வேண்டாம்

பிள்ளையின் நெஞ்சில் கத்தரிக்கோலோ கம்பியோ கண்ணாடித் துண்டோ குத்தி நின்றால் அதைப் பிடுங்கக்கூடாது. காயத்தை அடைத்திருப்பது அந்தப் பொருளாகவே இருக்கலாம். அது அசையாதபடி சுற்றிலும் துணி வைத்துத் தாங்கவும். உடனே 995 எண்ணை அழைக்கவும். உண்ணவோ பருகவோ எதுவும் தரவேண்டாம்.

காரணம் என்ன?

இதயத்தைச் சுற்றி ஓர் உறை உண்டு. இதயத்தில் துளை விழுந்தால் இரத்தம் அந்த உறைக்குள் தேங்கி, இதயத்தை விரியவிடாமல் அழுத்தும். வெளியே சில சொட்டு இரத்தமே தெரியலாம்.

20 கிலோ எடையுள்ள பிள்ளையின் உடலில் ஏறத்தாழ 1.6 லிட்டர் இரத்தமே இருக்கும். கணிசமாக இழந்த பிறகும் சிறாரின் இரத்த அழுத்தம் இயல்பாகவே காட்டி, பின்னர் சட்டென்று சரியக்கூடும். அதனால் நாடித் துடிப்பு, தோலின் குளிர்ச்சி, சோர்வு ஆகியவற்றையும் மருத்துவர்கள் கவனிப்பர். உறைக்குள் இரத்தம் தேங்கியுள்ளதா என்பதை அல்ட்ராசவுண்ட் சில நிமிடங்களில் காட்டும். நெஞ்சைத் திறந்து துளையைத் தைப்பதே சிகிச்சை.

1902ல் அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரில், கத்திக்குத்துப்பட்ட 13 வயதுச் சிறுவனின் இதயத்தை மருத்துவர் லூதர் ஹில் வீட்டு மேசையிலேயே விளக்கொளியில் தைத்தார். சிறுவன் பிழைத்தான்.

எங்குச் செல்வது?

தஞ்சோங் பகார்வாசிகளுக்கு ஊட்ரமில் உள்ள சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை பக்கம்தான். ஆனால், சிறாருக்கான 24 மணி நேர அவசரப் பிரிவுகள் லிட்டில் இந்தியாவுக்கு அருகே கேகே மகளிர், சிறார் மருத்துவமனையிலும் கெண்ட் ரிட்ஜில் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் உள்ளன. எங்குக் கொண்டுசெல்வது என்பதை ஆம்புலன்ஸ் குழுவினரிடம் விட்டுவிடவும். பதற்றத்தில் டாக்சி பிடித்துக் கிளம்ப வேண்டாம்.