வடிகட்டியைத் தாண்டியது எது?

வைரஸைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால், 1892, ரஷ்யர் திமித்ரி இவனோவ்ஸ்கி என்று பதில் வந்துவிடும். அந்த ஆண்டு பிப்ரவரியில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகத்தின் முன் அவர் வைத்த கட்டுரை சில பக்கங்களே கொண்டது. புதிய உயிர்வகை ஒன்றைக் கண்டேன் என்று அதில் எங்கும் அவர் சொல்லவில்லை. பிறகு இந்தப் பெருமை அவருக்கு எப்படி வந்தது? அதைத் தேடப்போய்த்தான் பழைய தாள்களுக்குள் இறங்கினேன்.

நல்லவேளையாக, மூல ஆவணங்கள் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. புகையிலைத் தேமல் நோய் பற்றிய முதல் கட்டுரைகளை ஜேம்ஸ் ஜான்சன் ஆங்கிலத்தில் பெயர்க்க, அமெரிக்கத் தாவர நோயியல் சங்கம் 1942இல் ஒரே நூலாக வெளியிட்டது. அடுத்தடுத்து வாசித்தால் ஒரே வழக்கில் பல சாட்சிகளைக் கேட்பது போலிருக்கும்.

முதல் சாட்சி அடால்ஃப் மேயர். நெதர்லாந்தின் வாகனிங்கனில் வேளாண் ஆய்வு நிலையத்தை நடத்தியவர். தேமல் கண்ட இலையை அரைத்து, சாற்றை மயிரிழைக் கண்ணாடிக் குழாயில் ஏற்றி, நல்ல செடியின் இலை நரம்பில் செருகினார். பத்துக்கு ஒன்பது செடிகளில் நோய் வந்தது. இது தொற்றுநோய் என்பது அப்போதே உறுதியாகிவிட்டது. ஆனால் இரட்டை வடிதாளில் வடித்துத் தெளிந்த சாறு நோய் தரவில்லை என்றும் எழுதினார். ஆகவே பாக்டீரியாதான் காரணம் என்று 1886இல் முடித்தார்.

வழக்கு திரும்புவது இங்கேதான். மேயரின் வடிதாள் சோதனை சரியில்லை என்று இவனோவ்ஸ்கி காட்டினார். தாள் என்ன, சேம்பர்லாண்டின் பீங்கான் வடிகட்டியில் வடித்தாலும் சாறு நோயைத் தருகிறது. பாக்டீரியாவைத் தடுத்து நிறுத்துவதற்கென்றே செய்த வடிகட்டி அது. அதையும் தாண்டி ஏதோ வருகிறது. இவ்வளவு தூரம் வந்தவர் சொன்ன விளக்கம், பாக்டீரியா சுரந்த நஞ்சு சாற்றில் கரைந்திருக்கலாம் என்பது. தடயம் கையில் இருக்கிறது, குற்றவாளி மட்டும் பழைய ஆள்!

1898இல் டெல்ஃப்ட் நகரின் மார்டினஸ் பெயரிங்க் அதே சோதனையைத் தனியாகச் செய்தார். முன்பு வாகனிங்கனில் ஆசிரியராக இருந்தபோதே மேயரின் ஆய்வை அருகிலிருந்து பார்த்தவர் அவர். வடிகட்டியோடு அவர் நிற்கவில்லை. நோய்ச் சாற்றை அகர் கூழின் மேல் வைத்துப் பல நாள் காத்திருந்தார். நோய் தரும் பொருள் கூழின் அடி அடுக்குக்குள் ஊறி இறங்கியிருந்தது. பாக்டீரியா அப்படி இறங்காது. நஞ்சாக இருந்தால் செடிக்குச் செடி மாற்றும்போது நீர்த்துப்போக வேண்டும். இதுவோ வீரியம் குறையாமல் பெருகியது, அதுவும் பிரிந்து வளரும் செல்களில் மட்டும். 'உயிருள்ள திரவத் தொற்று' என்று அதற்குப் பெயரிட்டார். திரவம் என்றது தவறு. செல்லுக்குள் நுழைந்தால் ஒழியப் பெருகாது என்றது இன்றும் நிற்கிறது.

1899இல் இவனோவ்ஸ்கி முன்னுரிமை கோரி எழுத, அவருடைய கட்டுரையைத் தாம் அறிந்திருக்கவில்லை என்று சொல்லி, பெயரிங்க் அதை மறுக்காமல் ஏற்றுக்கொண்டார். இந்தப் பெருந்தன்மையே அவருக்கு வினையாயிற்று என்பேன். வடிகட்டியை முதலில் தாண்ட வைத்தவர் இவனோவ்ஸ்கி, தாண்டியது என்ன வகை என்று சொன்னவர் பெயரிங்க். என் தீர்ப்பு இரண்டாமவர் பக்கம்.

வடிவம் தெரிய இன்னும் காலம் பிடித்தது. 1935இல் வெண்டல் ஸ்டான்லி இந்த வைரஸைப் படிகமாக்கி, இது வெறும் புரதம் என்றார். மறு ஆண்டே இங்கிலாந்தில் பாடனும் பீரியும் அதில் பாஸ்பரஸைக் கண்டார்கள். புரதத்தோடு ஆர்.என்.ஏ.யும் இருக்கிறது என்பதற்கான துப்பு அது. எடையில் சுமார் 5 சதவீதம்தான், ஆனால் நோயின் முழுக் கட்டளையும் அதில்தான். 1946இல் நோபல் பரிசில் பங்கு பெற்றவர் ஸ்டான்லி.

ரோசலிண்ட் ஃப்ராங்க்ளின் 1950களில் எக்ஸ் கதிர்ப் படங்களைக் கொண்டு இந்த வைரஸின் உள்ளமைப்பைப் பிரித்துக் காட்டினார். 300 நானோமீட்டர் நீளம், 18 நானோமீட்டர் தடிமன் உள்ள உள்ளீடற்ற கோல். ஒரே வகைப் புரதத் துண்டுகள் சுமார் 2,130, திருகாணி மரை போலச் சுற்றி அடுக்கியவை. ஆர்.என்.ஏ. நடுத்துளையில் இல்லை, புரதங்களுக்கு இடையே பதிந்து அதே சுருளில் ஓடுகிறது. மாதிரி செய்ய அவர் சைக்கிள் கைப்பிடி உறைகளைப் பயன்படுத்தியிருக்கிறார்! போலியோ போன்றவை வேறு வகை. இருபது முக்கோண முகங்கள் கொண்ட கூடு. மரபுப்பொருள் சிறிது, பல வகைப் புரதம் செய்ய அதில் இடமில்லை. ஒன்றையே திரும்பத் திரும்ப அடுக்குவதற்குச் சுருளும் இருபது முகக் கூடும்தான் தோது.

வடிகட்டியைத் தாண்டுவதையே வைரஸின் இலக்கணமாக்கியதற்கும் விலை உண்டு. 1992இல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில், குளிர்விப்புக் கோபுர நீரின் அமீபாவுக்குள் டிமோதி ரோபோதம் ஓர் உருண்டையைக் கண்டார். சாதாரண நுண்ணோக்கியிலேயே தெரிந்ததால் பாக்டீரியா என்று கருதினார்கள். பாக்டீரியாவுக்குரிய ரைபோசோம் மரபணுவைத் தேடினால் அகப்படவில்லை. பிறகு மார்செய் ஆய்வகத்தின் மின்னணு நுண்ணோக்கி இருபது முகக் கூட்டைக் காட்டியது. 2003இல் அதை மிமிவைரஸ் என்று அறிவித்தார்கள். சுமார் 12 லட்சம் எழுத்து நீள மரபணுத் தொகுதி. பாக்டீரியா வடிகட்டியில் வடித்திருந்தால் சிக்கிக்கொள்ளும் வைரஸ் அது.

வைரஸ் எங்கிருந்து வந்தது என்பதற்கு மூன்று கருத்துகள் உண்டு: செல்லிலிருந்து தப்பிய மரபணுக்கள், ஒட்டுண்ணியாகிச் சுருங்கிய செல்கள், செல்லுக்கும் முந்தியவை. மிமிவைரஸ் வந்ததும் இரண்டாவதற்குக் கொஞ்ச நாள் ஆதரவு கூடியது. எல்லா வைரஸுக்கும் ஒரே பதிலைத் தேடுவதே வீண் என்று நினைக்கிறேன். செல் உயிர்கள் அனைத்திலும் ரைபோசோம் மரபணு பொதுவாக இருக்கிறது. எல்லா வைரஸ்களுக்கும் பொதுவான மரபணு ஒன்றுகூட இல்லை.