நிலையாகத் தங்கும் எண்ணம்: மலையகத் தமிழரும் இலங்கைக் குடியுரிமைச் சட்டங்களும்

புலம்பெயர்ந்து சென்ற ஒரு சமூகம் பல தலைமுறைகளாக ஒரே மண்ணில் உழைத்து வாழ்ந்த பின்னரும் அதன் பற்று எந்த நாட்டின்மீது என்ற ஐயம் எழுப்பப்படும்போது, அந்த ஐயத்தைத் தீர்க்க எவ்வகைச் சான்று கோரப்பட்டது என்பது, அச்சமூகத்தின் மனத்தைக் காட்டிலும் அதனைக் கோரிய அரசின் நோக்கத்தையே மிகுதியாக வெளிப்படுத்துகிறது. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் வேரூன்றிய மலையகத் தமிழரின் வரலாற்றில் இதனைத் தெளிவாகக் காணலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கண்டிப் பகுதியில் கோப்பித் தோட்டங்கள் பெருகியபோது, தென் தமிழக மாவட்டங்களிலிருந்து வந்த தொழிலாளரில் பெரும்பாலோர் அறுவடைக் காலத்தில் வந்து, வேலை முடிந்ததும் ஊர் திரும்பினர். 1869ஆம் ஆண்டு முதல் இலைநோய் கோப்பிப் பயிரை அழிக்கத் தொடங்கி, அடுத்த இருபதாண்டுகளில் அதன் இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டபோது இந்நிலை மாறியது. கொழுந்து ஆண்டு முழுவதும் பறிக்கப்பட வேண்டியதாகையால், தோட்ட உரிமையாளருக்குக் குடும்பத்தோடு தங்கி உழைக்கும் நிரந்தரத் தொழிலாளர் தேவைப்பட்டனர். வரிசை வரிசையாகக் கட்டப்பட்ட 'லயம்' என்னும் ஒற்றையறைக் குடியிருப்புகளும், ஆட்களைத் திரட்டி வந்து மேற்பார்வை செய்த கங்காணியிடம் பட்ட கடனும், அக்கடனைத் தீர்க்கும் வேறொரு தோட்டத்திற்குத் தொழிலாளியை விடுவிப்பதாகத் தோட்ட மேலாளரான துரை எழுதிக்கொடுத்த 'துண்டு' என்னும் சீட்டும் அவர்களைத் தோட்டத்தோடு பிணைத்தன. துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. அதற்குள் தோட்டங்களிலேயே பிறந்து வளர்ந்த தலைமுறை ஒன்று உருவாகியிருந்தது.

எனினும் அவர்களை இலங்கையர் என்று கொள்வதற்கு அரசின் ஏற்பாடுகளே தடையாக நின்றன. 1911ஆம் ஆண்டின் குடிமதிப்பு அவர்களை 'இந்தியத் தமிழர்' எனத் தனியே வகைப்படுத்தியது. 1923 முதல் தொழிலாளர் நலனைக் கவனிக்க இந்திய அரசின் முகவர் ஒருவர் கண்டியில் இருந்தார். இவ்வாறு பகுப்பும் பாதுகாப்பும் வெளிநாட்டவர் என்ற அடிப்படையிலேயே அமைந்தன. பின்னர் அவ்வடிப்படையே அவர்களுக்கு எதிரான வாதமாயிற்று. டொனமூர் அரசியலமைப்பின்கீழ் 1931இல் அனைவருக்கும் வாக்குரிமை வழங்கப்பட்டபோது, மலையகத்தவரின் வாக்கு தங்கள் தொகுதிகளை விழுங்கிவிடும் என்று சிங்களத் தலைவர்கள் அஞ்சியதால், நிலையான வதிவு என்னும் நிபந்தனை அதனுடன் சேர்க்கப்பட்டது. 1939இல் அரசுத் துறைகளிலிருந்து இந்திய நாட்கூலித் தொழிலாளர் நீக்கப்பட்டதும், ஜவாஹர்லால் நேரு இலங்கைக்கு வந்ததும், இலங்கை இந்தியர் காங்கிரஸ் அமைந்ததும் அடுத்தடுத்து நிகழ்ந்தன. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் அக்கட்சி ஏழு இடங்களை வென்றது. வேறு பல தொகுதிகளில் தோட்ட வாக்குகள் இடதுசாரி வேட்பாளர்களுக்குத் துணை நின்றன.

மறு ஆண்டே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நிறைவேறியது. அச்சட்டத்தின்படி இலங்கையில் பிறந்திருப்பது மட்டும் போதாது. தந்தையோ, அன்றித் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இத்தீவில் பிறந்தனர் என்று காட்ட வேண்டும். முன்னோரின் பிறப்புப் பதிவைத் தேடி எடுக்க இயலாத தோட்டத் தொழிலாளருக்கு இது ஏறக்குறைய மூடிய கதவு. 1949இல் வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் மற்றொரு வழியைத் திறந்தது: 1946 ஜனவரி 1க்கு முன் மணமானோர் ஏழு ஆண்டுகளும் மணமாகாதோர் பத்து ஆண்டுகளும் இடையறாது வசித்திருந்தால், ஈராண்டு காலத்திற்குள் விண்ணப்பிக்கலாம். அதே ஆண்டில் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டு, வாக்குரிமை குடிமக்களுக்கு மட்டுமே உரியதாயிற்று. எனவே விண்ணப்பத்தின் முடிவு வரும்வரை பெரும்பாலோர் வாக்காளர் பட்டியலிலிருந்து விலக்கப்பட்டனர்.

இலங்கை இந்தியர் காங்கிரஸ் முதலில் இச்சட்டத்தைப் புறக்கணித்துப் பின்னர் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டதால், விண்ணப்பங்களில் பெரும்பகுதி இறுதி மாதங்களில் குவிந்தது. சுமார் 2,37,000 விண்ணப்பங்கள் 8,25,000 பேரை உள்ளடக்கியிருந்தன. அவர்களுள் இறுதியில் பிரஜாவுரிமை (மலையக வழக்கில் குடியுரிமையைக் குறிக்கும் சொல்) பெற்றோர் சுமார் 1,34,000 பேர் மட்டுமே. இச்சட்டத்தின் நடைமுறை, விண்ணப்பதாரரின் 'நிலையாகத் தங்கும் எண்ணத்தை' அளப்பதாக இருந்தது. நாள்தோறும் தொழிலாளர் காலையில் திரளும் பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டுக் குறிக்கப்படும் 'செக்ரோல்' என்னும் வருகைப் பதிவேடே பலருக்கு வசிப்பைக் காட்டும் ஆதாரம். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறியவரின் பதிவில் இடைவெளி விழுந்தால், அவ்வாண்டுகளை வேறு வழியில் நிரூபிக்க வேண்டியிருந்தது. முதிய பெற்றோருக்குப் பணம் அனுப்பியதும், கோயில் திருவிழாவிற்கோ உறவினர் திருமணத்திற்கோ இந்தியா சென்று வந்ததும், பயணத்தின்பொருட்டுத் தற்காலிக வதிவு அனுமதி பெற்றதும் பற்று பிளவுபட்டிருப்பதன் அடையாளங்களாக எடுத்துக்கொள்ளப்பட்டன. மகனாகவும் உறவினனாகவும் ஒருவன் ஆற்றிய கடமைகள், குடிமகனாவதற்கான தகுதிக்கு எதிராகக் கணக்கிடப்பட்டன.

மறுபுறம், கடல்கடந்த இந்தியர் தாம் வாழும் நாட்டையே தமது நாடாகக் கொள்ள வேண்டும் என்பது நேருவின் நிலைப்பாடு. இந்திய அரசியலமைப்பின் 8ஆம் பிரிவு வெளிநாட்டிலுள்ள இந்திய வம்சாவளியினர் தூதரகத்தில் பதிவுசெய்து குடியுரிமை பெற வழிவகுத்ததேயன்றி, இலங்கை மறுத்த அனைவரையும் தன் குடிகளாக இந்தியா ஏற்கவில்லை. இரு அரசுகளும் உரிமை கொண்டாடாத இம்மக்கள் 'நாடற்றவர்' ஆயினர். 1964 அக்டோபர் 30இல் இரு நாட்டுப் பிரதமர்களிடையே கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களது எண்ணிக்கையை 9,75,000 என மதிப்பிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கியது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் இரு நாடுகளுக்கும் சமமாகப் பங்கிடப்பட்டனர். மலையகத் தலைமையின் இசைவைப் பெறாமலே இப்பங்கீடு முடிவாயிற்று. ஆனால் இந்தியக் குடியுரிமை கோரியோர் அந்நாட்டிற்கு ஒதுக்கப்பட்ட தொகையை எட்டவில்லை. பற்று இந்தியாவின்மீதே என்று இத்தனை காலம் கூறப்பட்ட குற்றச்சாட்டுக்கு இது தக்க மறுப்பு. சென்றவர்களுள் ஒரு பகுதியினர், 'தாயகம் திரும்பியோர்' என்னும் அரசுப் பெயருடன், நீலகிரியில் அவர்களுக்காகவே உருவாக்கப்பட்ட அரசுத் தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கொழுந்து பறிக்க அமர்த்தப்பட்டனர்.

1984இல் தலைமன்னார் - இராமேஸ்வரம் கப்பல் போக்குவரத்து நின்றதும் எஞ்சியோரின் பயணமும் நின்றது. 1988ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும், அதனை விரிவாக்கிய 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் இச்சிக்கலை முடிவுக்குக் கொண்டுவந்தன. பின்னது 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்தோருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை அளித்தது. பணம் அனுப்பியதைக் கிளறவும் பாட்டன் பிறந்த ஊரை வினவவும் அதில் இடமில்லை. சில நாட்களிலேயே ஏறக்குறைய 1,90,000 பேர் அதன்வழிப் பயன் பெற்றனர். அரை நூற்றாண்டுக்கு மேல் மலையகத் தமிழரின் உள்ளத்தில் தேடப்பட்ட பிளவு, பெருமளவுக்குச் சட்டங்களும் விண்ணப்பப் படிவங்களும் தோற்றுவித்ததே என்பதற்கு, அவ்வினாக்களைக் கைவிட்ட ஒரு சட்டம் இத்துணை விரைவில் பயனளித்தது போதிய சான்றாகும்.