சுமந்தவர்களின் பாதை



பயண இலக்கியம் பற்றி வகுப்பிலே பேசும்போது டேவிட் லிவிங்ஸ்டனின் பெயரை நான் சொல்லாமல் விடுவதில்லை. ஆபிரிக்காவின் காடுகளிலும் சதுப்பு நிலங்களிலும் கால்நடையாகத் திரிந்தவர். நைல் நதியின் ஊற்றைத் தேடிப் போனவர். அங்கேயே உயிர் நீத்தவர். இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டவர் என்று ஒரே மூச்சில் சொல்லி முடிப்பது வழக்கம். ஒருநாள் பின்வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்தான்.

"சேர், காட்டுக்குள்ளே செத்தவரை இலண்டனுக்கு ஆர் கொண்டுபோனது?"

பல வருடங்களாக அவ்விரு செய்திகளையும் அடுத்தடுத்துச் சொல்லி வந்தவன் நான். இரண்டுக்கும் இடையில் ஆயிரம் மைலுக்கு மேற்பட்ட பாதையொன்று கிடக்கிறது என்பது எனக்கு உறைத்ததேயில்லை. அன்று அவனுக்கு அரைகுறையாகவே பதில் சொன்னேன். பிறகு தேடிப் படித்ததைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

1873 மே மாதத் தொடக்கத்தில், இன்றைய சாம்பியாவிலுள்ள சித்தாம்போவின் கிராமத்தில், ஒரு குடிசைக்குள் கட்டிலருகே மண்டியிட்டபடியே லிவிங்ஸ்டன் இறந்து கிடந்தார். அவரோடு இருந்தவர்கள் ஏறக்குறைய அறுபது பேர். சுசி, சூமா என்னும் இருவர் அவரோடு நெடுங்காலம் நடந்தவர்கள். சூமா சிறுவனாக அடிமை வியாபாரிகளின் கையிலிருந்து 1861இல் மீட்கப்பட்டவர். 1864இல் லிவிங்ஸ்டனோடு கடல் கடந்து பம்பாய் வந்து அங்கே பள்ளிக்கூடத்தில் சேர்க்கப்பட்டவர். யாகோப் வெயின்ரைட் என்னும் இளைஞரும் விடுவிக்கப்பட்ட அடிமையே. மேற்கிந்தியாவின் நாசிக் நகரில் மிசனரிமார் நடத்திய நிலையத்தில் எழுத்துப் படித்தவர். ஹலிமா என்ற பெண் சமையல் செய்பவர்.

அங்கேயே புதைத்துவிட்டு அவரவர் வழியே போயிருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. இதயத்தையும் உள்ளுறுப்புகளையும் ஒரு மரத்தடியில் புதைத்தார்கள். வெயின்ரைட் செபம் வாசித்து, மரத்திலே பெயரையும் திகதியையும் செதுக்கினார். உடலுக்கு உப்பிட்டு, இரண்டு வாரம் வெயிலில் உலர்த்தி, துணியாற் சுற்றி, மரப்பட்டைக்குள் வைத்துக் கட்டினார்கள். குறிப்பேடுகளையும் கருவிகளையும் வெயின்ரைட் பட்டியலிட்டு எழுதினார். பின்னர் கடற்கரையை நோக்கி நடந்தார்கள்.

ஏன் இந்தப் பாடு? எசமான விசுவாசம் என்று அக்கால இங்கிலாந்து சொல்லிப் பூரித்தது. அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் இன்னொன்றையும் நினைக்க வேண்டும். இதே பயணத்தில், 1866இல், பாதியிலே விட்டுப் போன சிலர் கரைக்குத் திரும்பி, லிவிங்ஸ்டன் கொலையுண்டார் என்று பொய்க்கதை பரப்பியிருந்தார்கள். அது பொய்யென்று நிரூபிக்க இங்கிலாந்திலிருந்து ஒரு குழுவே வரவேண்டியதாயிற்று. வெறுங்கையோடு திரும்பும் ஆபிரிக்கனின் சொல்லை யார் நம்புவார்? அந்த உடல் அவர்களுக்குச் சுமையாகவும் இருந்தது; சாட்சியாகவும் இருந்தது.

வழியில் உன்யன்யெம்பே என்ற இடத்தில், லிவிங்ஸ்டனுக்கு உதவ வந்துகொண்டிருந்த கமரன் என்ற ஆங்கில அதிகாரி எதிர்ப்பட்டார். இங்கேயே அடக்கம் செய்துவிடலாமே என்றார். அவர்கள் இணங்கவில்லை. அதற்கப்பால், பிணம் தங்கள் நிலத்தைக் கடக்கக்கூடாதென்று ஊரார் மறித்தார்கள். உடனே தானியத் தட்டைகளைக் கட்டிப் பிணம் போலவே ஒரு பொய்மூட்டை செய்து, அடக்கம் செய்யப் போவதாகக் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். உண்மையான உடல் சாதாரணத் துணிப்பொதியாக உருமாறி முன்னே சென்றது. 1874 பெப்ரவரியில் பாகமோயோ கடற்கரையை அடைந்தார்கள். ஒன்பது மாதம்!

கரையிலே சம்பளம் கொடுத்து அவர்களை அனுப்பிவிட்டார்கள். கப்பலில் உடலோடு இங்கிலாந்து சென்றவர் வெயின்ரைட் ஒருவரே. இலண்டனில், முன்பொருகால் சிங்கம் கடித்து முறித்த இடக்கை எலும்பைப் பார்த்து மருத்துவர் உடலை அடையாளங் கண்டார். ஏப்ரல் 18ஆந் திகதி அடக்கம் நடந்தது. சுசியும் சூமாவும் ஒரு நண்பரின் செலவில் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஆயினும் குறிப்பேடுகளை நூலாக்க அவர்களின் நினைவே பேருதவியாயிற்று. றோயல் புவியியற் சங்கம் கூட வந்தவர்களுக்கென 60 பதக்கங்கள் அடித்தது. அதற்குள் பலர் சிதறிப் போய்விட்டார்கள்.

நேயர்களே, அக்கால ஆபிரிக்கப் பயணங்களின் பொறிமுறையே இதுதான். செற்சி என்னும் ஈ கடித்து மாடும் குதிரையும் மடிந்த நிலப்பரப்பில் மனிதத் தலையே வண்டியாக இருந்தது. ஒருவர் தலையில் ஏறக்குறைய 30 கிலோ சுமை. நூலின் அட்டையில் ஒரு பெயர். நடந்த கால்களோ நூற்றுக்கணக்கானவை.

சக்கரம் வந்தபின் காட்சி மாறியது. 1934 டிசெம்பரில் தெரேசா வல்லாக், புளோரன்ஸ் பிளென்கிரன் என்ற இரு ஆங்கிலப் பெண்கள் பக்கப் பெட்டியும் இழுவைப் பெட்டியும் பூட்டிய மோட்டார் சைக்கிளில் இலண்டனிலிருந்து புறப்பட்டு, சகாராவைக் கடந்து, 1935 ஜூலையில் கேப் டவுனை அடைந்தார்கள். சுமை இப்போது இயந்திரத்தின் மீது.

எனக்கு அதிகம் நெருக்கமானவர் போலந்து நாட்டவரான கசிமீர் நோவாக். வேலையற்ற காலத்திலே, மனைவியையும் இரு பிள்ளைகளையும் ஊரில் விட்டு, பழைய துவிச்சக்கர வண்டியொன்றோடு 1931இல் திரிப்போலியிலிருந்து தெற்கே மிதித்தார். 1934இல் ஆபிரிக்காவின் தென்முனை. பிறகு குதிரையிலும் படகிலும் ஒட்டகத்திலும் நடையுமாக வேறு வழியால் வடக்கே திரும்பி, 1936 நவம்பரில் அல்ஜியேர்ஸ். மொத்தம் ஏறக்குறைய 40,000 கிலோமீற்றர். சுமைகாரர் படை வைக்க அவரிடம் பணமில்லை. வழிநெடுக எடுத்த படங்களையும் கட்டுரைகளையும் பத்திரிகைகளுக்கு அனுப்பியே குடும்பத்துக்குச் சோறு போட்டார். குடியேற்ற ஆட்சியின் கொடுமைகளையும் எழுதினார். மலேரியாவால் நலிந்து வீடு திரும்பியவர் ஓராண்டுக்குள், 1937 ஒக்டோபரில், நாற்பதாவது வயதில் மறைந்தார். அவரெழுத்துகள் முறையாக நூலானது 2000ஆம் ஆண்டில்தான். எழுதத் தெரிந்தவரையே உலகம் அறுபது வருடம் மறந்திருந்ததென்றால், எழுதாமல் சுமந்தவர்களின் கதி என்ன?

அடுத்த வகுப்பிலே கரும்பலகையில் எழுதினேன்: சுசி, சூமா, யாகோப் வெயின்ரைட், ஹலிமா. அந்த மாணவன் எண்ணிப் பார்த்துவிட்டு, "சேர், நாலு பேர்தானே. மற்ற ஆக்கள்?" என்றான்.

அவன் கேட்பதில் நியாயமுண்டு. பலகையில் இன்னும் இடமிருந்தது. தேடிக்கொண்டிருக்கிறேன்.