பதினைந்து மீட்டர் வெட்டவெளி

ஒரு சின்ன வேலை செய்யுங்கள். வீட்டு வாசலில் வந்து நின்று எதிர்வீட்டுச் சுவரைப் பாருங்கள். எவ்வளவு தூரம் இருக்கும்? இருபது அடி? முப்பது அடி? கொடுத்து வைத்தவர் என்றால் நாற்பது அடி. அவ்வளவுதானே?

இப்போது ஓர் அரசாங்க உத்தரவைப் பார்ப்போம். 1999 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்டது. பட்டாசு எவ்வளவு சத்தம் போடலாம் என்று அதில் ஓர் எல்லை வகுத்தார்கள். வெடிக்கும் இடத்திலிருந்து நாலு மீட்டர் தூரத்தில் 125 டெசிபலுக்கு மேல் கேட்கக்கூடாது. கேட்டால் அந்தப் பட்டாசைத் தயாரிக்கவும் கூடாது, விற்கவும் கூடாது, வெடிக்கவும் கூடாது. சரவெடிக்குத் தனிக் கணக்கு. எத்தனை வெடிகளைச் சேர்த்துப் பின்னியிருக்கிறதோ, அதற்கேற்ப ஒவ்வொரு வெடியின் சத்தமும் குறைய வேண்டும். லாகரிதம் எல்லாம் போட்டு சூத்திரமே கொடுத்திருக்கிறார்கள். படு துல்லியம்!

சரி, எப்படி அளப்பது? அதையும் எழுதி வைத்தார்கள். கான்கிரீட் போன்ற கெட்டியான தரை வேண்டும். குறைந்தது ஐந்து மீட்டர் விட்டம். அப்புறம் முக்கியமான நிபந்தனை: வெடிக்கும் இடத்தைச் சுற்றிப் பதினைந்து மீட்டர் தூரத்துக்குச் சத்தத்தைத் திருப்பி அனுப்பக்கூடிய சுவரோ வேறு எதுவுமோ இருக்கக்கூடாது.

பதினைந்து மீட்டர் என்றால் கிட்டத்தட்ட ஐம்பது அடி. நாலு பக்கமும் ஐம்பது அடி. மேற்கு மாம்பலத்தில் அப்படி ஒரு தெருவைக் காட்டுங்கள், பார்ப்போம். வெட்டவெளியில் வைத்து அளந்து "பாஸ்" போட்ட வெடியை நாம் கொளுத்துவது இரண்டு பக்கமும் மூன்று மாடி எழும்பிய சந்தில். சத்தம் வெளியே போக வழியில்லாமல் சுவருக்குச் சுவர் மோதித் திரும்பும். அந்தச் சுவர்களுக்குப் பின்னால்தான் நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பச்சைக் குழந்தையும், பைபாஸ் முடிந்து படுத்திருக்கும் தாத்தாவும் இருக்கிறார்கள்.

நம் நாட்டில் பட்டாசுச் சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஏகப்பட்டது இருக்கிறது. ஆனால், அது தொழிற்சாலையை மனசில் வைத்து எழுதப்பட்டது. கிடங்கை, கடையை, லாரியை நினைத்து எழுதப்பட்டது. தெருவுக்கு வரும்போது அதற்கு மூச்சு வாங்குகிறது. ஏன் என்று தெரிய கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

1875ல் இங்கிலாந்தில் வெடிபொருள் சட்டம் ஒன்று வந்தது. ஒன்பதே வருடத்தில், 1884ல், வெள்ளைக்கார அரசு இந்தியாவுக்கும் ஒன்று கொண்டுவந்தது. வெடிமருந்து, நைட்ரோகிளிசரின், ராக்கெட், வாணவேடிக்கை எல்லாமே அதில் அடக்கம். தயாரிக்க, வைத்திருக்க, விற்க, ஏற்றிச்செல்ல, இறக்குமதி செய்ய லைசென்ஸ் வேண்டும். "பயன்படுத்துவது" என்ற சொல்லும் சட்டத்தின் தலைப்பிலேயே இருக்கிறது. ஆனால் கம்பி மத்தாப்பு கொளுத்துகிற ஒவ்வொருவருக்கும் லைசென்ஸ் கொடுக்க முடியுமா? ஆக, சட்டத்தின் கை கடை வாசலோடு நின்றுவிட்டது.

அடுத்து நம் சிவகாசி. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு திரும்பிய கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அது 1920களின் தொடக்கம். தீப்பெட்டியிலிருந்து மத்தாப்பு, மத்தாப்பிலிருந்து பட்டாசு. 1940ல் வெடிபொருள் விதிகள் வந்தபோது பட்டாசு ஆலைக்கு முறையான லைசென்ஸ் கிடைக்க வழி பிறந்தது. இரண்டாம் உலகப்போரால் வெளிநாட்டுச் சரக்கு வரத்து படுத்துவிட்டது. சிவகாசி பிடித்துக்கொண்டது.

அன்றிலிருந்து இன்றுவரை சட்டத்துக்கு சிவகாசியில் ஒரு பிடி இருக்கிறது. அந்தப் பிடியின் பெயர் லைசென்ஸ். தப்பு செய்தால் ரத்து செய்யலாம், சீல் வைக்கலாம். அங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று சொல்லவில்லை. 2012 செப்டம்பர் 5ந் தேதி முதலிப்பட்டி ஆலை விபத்தில் கிட்டத்தட்ட நாற்பது உயிர்கள் போனதே, அதை மறக்க முடியுமா? ஆனாலும் அங்கே யாரைப் பிடிப்பது, எதைப் பிடுங்குவது என்பதாவது சட்டத்துக்குத் தெரியும்.

நம் தெருவில்? ராத்திரி பதினோரு மணிக்கு யானை வெடி போடுகிற மனிதரிடம் பிடுங்குவதற்கு என்ன இருக்கிறது? ஊதுபத்தி!

அபராதம் போடலாமே என்பீர்கள். போடலாம். பி.காம். படித்தவன் என்பதால் எனக்கு முதலில் கண்ணில் பட்டதே அந்தத் தொகைதான். 1860ல் எழுதப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தில் 290வது பிரிவு. பொது இடத்தில் மற்றவர்களுக்குத் தொல்லை தந்தால் அபராதம் 200 ரூபாய் வரை. 1860ல் 200 ரூபாய் என்பது சாதாரணப் போலீஸ்காரரின் பல மாதச் சம்பளம். மனுஷன் நடுங்கிப் போயிருப்பான். அதே 200 ரூபாய் 2024 ஜூன் வரை அப்படியே இருந்தது. வெள்ளைக்காரன் போனான், விலைவாசி எங்கேயோ போனது, அந்த 200 மட்டும் நகரவில்லை. 2024 ஜூலை முதல் தேதி புதிய சட்டம் வந்து அதை ஆயிரம் ரூபாய் ஆக்கியது. ஒரு பெட்டி நிறையப் பட்டாசு வாங்க ஆயிரக்கணக்கில் செலவு பண்ணுகிறவர், இதையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிட்டுப் போவார்!

இடையில் நீதிமன்றம் சும்மா இருக்கவில்லை. அந்தக் கதை ஒரு கொடுமையில் ஆரம்பிக்கிறது. 1998 ஜனவரியில் பத்திரிகைகளில் ஒரு செய்தி வந்தது. பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி பலாத்காரம் செய்யப்பட்டாள். காப்பாற்றச் சொல்லிக் கதறியிருக்கிறாள். அக்கம்பக்கத்தில் அலறிய ஒலிபெருக்கியில் அந்தக் குரல் யார் காதிலும் விழவில்லை. அன்று மாலையே தீ வைத்துக்கொண்டு இறந்துபோனாள். இதைப் படித்துப் பதறிய ஒரு பொறியாளர் சுப்ரீம் கோர்ட் படியேறினார். சத்தம் என்பது வெறும் எரிச்சல் சமாச்சாரம் இல்லை, பக்கத்து வீட்டு அலறலையே மூடி மறைக்கிற விஷயம் என்று வழக்கு போட்டார்.

வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 2000ல், ஒலி மாசு விதிகள் வந்தன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல். அதற்கு மேல் கூடாது. கவனித்தீர்களா? ஒரு சட்டம் 125 வரை வெடிக்கலாம் என்கிறது. இன்னொரு சட்டம் 55 தாண்டக்கூடாது என்கிறது. டெசிபலில் பத்து கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு ஆகும். எழுபது கூடினால்? ஒரு கோடி மடங்கு! ஒன்று சராசரி, மற்றது ஒரு கணத்து உச்சம், இரண்டையும் நேராக ஒப்பிடக்கூடாது என்று நிபுணர்கள் சொல்வார்கள். வாஸ்தவம்தான். தொட்டிலில் கிடக்கிற குழந்தைக்கு அந்த வித்தியாசம் தெரியாதே!

2005 ஜூலை 18ல் தீர்ப்பு வந்தது. இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரை சத்தம் எழுப்பும் பட்டாசுகளை வெடிக்கவே கூடாது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட் போன்ற அமைதிப் பகுதிகளில் எந்நேரமும் கூடாது. தெளிவான தீர்ப்பு. ஆனால் விடிகாலை நாலரை மணிக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு முதல் வெடி போடுவதை குடும்ப கௌரவமாக நினைக்கிற ஊர் நம்முடையது. தீர்ப்பு வந்த வருடமும் போட்டோம், அடுத்த வருடமும் போட்டோம்.

பத்து வருடம் கழித்து, 2015ல், மூன்று கைக்குழந்தைகள் பெயரில் டெல்லியில் இன்னொரு வழக்கு. இரண்டு பேருக்கு வயது ஆறு மாதம், ஒருவருக்குப் பதினாலு மாதம். இந்த முறை சத்தத்தோடு புகையும் சேர்ந்துகொண்டது. 2018 அக்டோபர் 23ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது: தீபாவளியன்று இரவு எட்டிலிருந்து பத்து வரை மட்டும். பேரியம் கூடாது. சரவெடி கூடாது. பசுமைப் பட்டாசு மட்டுமே. மீறினால் அந்தந்த ஸ்டேஷன் அதிகாரியே நேரடிப் பொறுப்பு. நம் வழக்கம் காலையில்தான் என்று தமிழக அரசு போய் நின்றது. இரண்டு மணி நேரத்தை எப்படி வேண்டுமானாலும் பிரித்துக்கொள்ளுங்கள் என்றது கோர்ட். காலை ஆறு முதல் ஏழு, மாலை ஏழு முதல் எட்டு என்று முடிவானது.

அந்த வருடம் தமிழகப் போலீஸ் நிஜமாகவே வழக்கு போட்டது. நூற்றுக்கணக்கில். ஆனால் ஒரு போலீஸ்காரரின் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஸ்டேஷனுக்கு ஒரு ஜீப், நூறு தெரு. ஒலிபெருக்கி என்றால் பறிமுதல் செய்யலாம். பட்டாசில் ஆதாரம் வெடித்துச் சிதறி, காகிதக் குப்பையாகி, காலையில் துப்புரவுத் தொழிலாளியின் துடைப்பத்துக்குப் போய்விடுகிறது. சாட்சி யார்? நீங்கள்தான். பக்கத்து வீட்டுக்காரர் மேல் எழுத்துமூலம் புகார் கொடுப்பீர்களா? நாளைக்குத் தண்ணி லாரி வரும்போது அவர் முகத்தில் விழிக்க வேண்டாமா? "ஒரு நாள்தானே சார்" என்று அவர் சொல்வார். நாமும் சிரித்துவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொள்வோம்.

ஒரு நாள்தானா? கல்யாண ஊர்வலத்துக்கு வெடி. தலைவர் வந்தால் வெடி. கிரிக்கெட்டில் ஜெயித்தால் வெடி. சாவு ஊர்வலத்துக்கும் வெடி. காலண்டரில் தீபாவளி ஒன்றுதான். தெருவில் அப்படி இல்லை.

ஆனால் அதே 2018 தீர்ப்பு சிவகாசியில் என்ன செய்தது? தீபாவளி முடிந்த கையோடு ஆலைகள் கதவைச் சாத்தின. மாதக்கணக்கில் வேலை இல்லை. சரம் பின்னியே பிழைத்த பெண்கள் சும்மா உட்கார்ந்தார்கள். ஒரே தீர்ப்பு. அங்கே அடுப்பு அணைந்தது. இங்கே யாருடைய பத்தாயிரம் வாலாவும் நிற்கவில்லை. தடை செய்த சரவெடியையும் பேரியத்தையும் பற்றி 2021ல் சுப்ரீம் கோர்ட் மறுபடியும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டி வந்தது. எல்லாரும் கேட்டு நடந்திருந்தால் இரண்டாம் தடவை எதற்கு? பிடி இருக்கிற இடத்தில்தான் சட்டத்தால் அழுத்த முடிகிறது. அந்த அழுத்தத்தைத் தாங்குகிறவர் பெரும்பாலும் தினக்கூலிக்காரர்.

சரி, முழுசாகத் தடை போட்டுவிட்டால்? டெல்லியைப் பாருங்கள். அங்கே 2024 தீபாவளிக்கு முழுத்தடை. வெடித்தார்கள். 2025ல் பசுமைப் பட்டாசுக்கு மட்டும், சில மணி நேரத்துக்கு மட்டும் அனுமதி. நேரம் தாண்டியும் வெடித்தார்கள்.

அப்படியானால் எங்குமே நடக்காதா? நடந்திருக்கிறது. நம் சிவகங்கை மாவட்டத்திலேயே. வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி கிராமத்தில் பல பத்தாண்டுகளாகப் பட்டாசு வெடிப்பதில்லை. கண்மாய்க்கு எங்கிருந்தோ வந்து கூடு கட்டும் பறவைகள் பயந்து ஓடிவிடக்கூடாது என்பதற்காக. தீபாவளிக்கு வனத்துறை அந்த ஊர்க் குழந்தைகளுக்கு இனிப்பு கொடுத்து நன்றி சொல்கிறது. இதற்காக ஊரில் போலீஸ் நிற்கவில்லை, டெசிபல் மீட்டர் இல்லை. தங்கள் வெடிக்கு அப்பால் ஓர் உயிர் இருக்கிறது என்று ஊர்கூடி ஒத்துக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

கொக்குக்கும் நாரைக்கும் கிடைத்த அந்த மரியாதை நம் எதிர்வீட்டுத் தாத்தாவுக்குக் கிடைக்கக்கூடாதா?

வெடிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. குழந்தைகள் கையில் கம்பி மத்தாப்பு இல்லாத தீபாவளி எனக்கும் பிடிக்காது. 2018 தீர்ப்பிலேயே ஒரு நல்ல யோசனை இருக்கிறது. ஊருக்குப் பொதுவாக ஓர் இடத்தைக் குறித்து, அங்கே எல்லாரும் சேர்ந்து வெடிக்கலாம் என்பது அது. குடியிருப்போர் சங்கங்கள் மூலம் முன் அனுமதி வாங்கித் திறந்தவெளியில் கூட்டாக வெடியுங்கள் என்று தமிழக அரசும் தீபாவளிக்கு முன்பு வேண்டுகோள் விடுக்கிறது. பேப்பரில் வரும். நாம் ஜவுளிக்கடை விளம்பரத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவோம்.

1999ல் சட்டம் கேட்ட அந்தப் பதினைந்து மீட்டர் வெட்டவெளி நம் சந்தில் கிடையாது. ஆனால் உங்கள் வார்டில் ஒரு மைதானம் இருக்கும். கிரிக்கெட் பசங்களைக் கேட்டால் வழி சொல்வார்கள். சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் தண்ணீர், குப்பை, பார்க்கிங் எல்லாம் பேசி முடித்ததும் இதையும் ஒரு வரி சேர்த்து எழுதச் சொல்லுங்கள். எழுதிய காகிதத்தை வார்டு ஆபீஸில் கொடுத்து ரசீது வாங்குங்கள். 1884லிருந்து சட்டம் எட்ட முடியாத தூரம் அந்த ஒரு தெருதான். உங்களுக்கு அது நடந்து போகிற தூரம்.