மாதிரிக் கட்டுமானத்தில் ஈயப்பற்று

மாதிரிக் கட்டுமானத்தில் ஈயப்பற்று என்பது, ரயில் என்ஜின், கப்பல் போன்றவற்றின் சிற்றளவு மாதிரிகளில் மெல்லிய உலோகப் பாகங்களைப் பற்றாசு (சால்டர்) என்ற உலோகக் கலவையை உருக்கி இணைக்கும் முறை. பாகங்கள் உருகுவதில்லை. பித்தளை உருக ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸ் வேண்டும்; 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் சேர்ந்த பற்றாசு 183 டிகிரியிலேயே ஓடிவிடும்.

பிரிட்டிஷ் ரயில் மாதிரிகளில் இக்கலை நன்கு வேரூன்றியது. உண்மையான ஓர் அடிக்கு 4 மில்லிமீட்டர் என்ற அளவில் செய்யப்படும் என்ஜின் தொகுப்புகளில் உடற்பகுதி பித்தளை அல்லது ஜெர்மன் சில்வர் தகடாக வரும். தகட்டில் பாகங்களின் உருவை ஒளிப்பட முறையில் பதித்து, வேண்டாத இடத்தை ரசாயனத்தால் அரித்தெடுத்திருப்பார்கள். மடிக்க வேண்டிய கோடுகளில் அரிப்பு பாதியோடு நிற்கும். புகைபோக்கி போன்ற உருண்ட பாகங்கள், குறைந்த சூட்டிலேயே உருகும் வைட் மெட்டல் என்ற கலவையின் வார்ப்புகள். பற்றாசை உருக்கும் கருவியான சால்டரிங் அயர்ன் சூடாகப் பட்டால் இவை கண்ணெதிரே உருகி வழியும்.

ஆகவே வேலையின் வரிசையை உருகுநிலையே தீர்மானிக்கிறது. உயர்ந்த வெப்பத்தில் உருகும் பற்றாசால் முதல் இணைப்புகளைப் போட்டு, 145 டிகிரி வகையால் நுண்பாகங்களைச் சேர்த்து, கடைசியாக 70 டிகிரியில் உருகும் பிஸ்மத் கலவையால் வைட் மெட்டலைப் பொருத்துவர். முந்தைய இணைப்பு கழன்றுவிடாமல் காப்பது இந்தப் படிவரிசைதான். 70 டிகிரிக் கலவை பித்தளையில் நேராக ஒட்டாது. பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதுபோல அந்த இடத்தில் சாதாரணப் பற்றாசை முன்கூட்டியே பூசவேண்டும்.

சின்னப் பாகத்துக்குச் சின்ன அயர்ன் என்று நினைப்பது இயல்பு. ஆனால் அது தவறு. பித்தளை வெப்பத்தை வேகமாகக் கடத்தும். வலுவில்லாத அயர்னை நெடுநேரம் வைத்திருந்தால் சூடு பரவி, பக்கத்து இணைப்புகள் தளர்ந்துவிடும். 40, 50 வாட் அயர்னை ஒரு கணம் தொட்டு எடுப்பதே மேல். அருகிலுள்ள இணைப்பின்மேல் ஈரப் பஞ்சு வைப்பதும், பற்றாசு ஒட்டாத அலுமினியக் கிளிப்பால் பாகத்தைப் பிடிப்பதும் வழக்கம்.

பரப்பைச் சுரண்டிப் பளிச்சிடச் செய்து, நீர்த்த பாஸ்பாரிக் அமிலம் தடவினால் பற்றாசு இடுக்குக்குள் தானே இழுபடும். பற்றாசு மேலே குமிழாக நின்றால் சூடோ சுத்தமோ போதவில்லை. வேலை முடிந்ததும் அமிலத்தை நன்கு கழுவவேண்டும். எஞ்சியது பின்னர் பெயின்ட்டைத் துளைத்துப் பச்சைக் களிம்பாக வெளிவரும்.

ஈயப்பற்றைவிடச் சூப்பர் குளூ சுலபம்தான். ஆனால் விளிம்போடு விளிம்பு ஒட்டிய பாகம் ஒரு தட்டில் உதிரும். கோணலாக அமைந்த ஈயப்பற்றையோ மறுபடி சூடாக்கி நிமிர்த்தலாம்.

காரீயம் கையில் ஒட்டும் நஞ்சு. 145 டிகிரி வகையிலும் 70 டிகிரி வகையிலும் காட்மியம் கலந்திருப்பதுண்டு, அதிகச் சூட்டில் அதன் புகை காரீயத்தைவிடக் கொடியது. காரீயமும் காட்மியமும் இல்லாத பிஸ்மத்-வெள்ளீயக் கலவை 138 டிகிரியில் உருகுவதால் 145 டிகிரி வகைக்குப் பதிலாகப் பயன்படும்.